கன்னியாஸ்திரீ படம் பார்க்க வந்தவர்கள்

டெக்சஸ் வெயிலைப் பற்றி என்னை யாரும் எச்சரிக்கவில்லை. தூத்துக்குடிக்காரனுக்கு வெயிலைப் பற்றி என்ன சொல்வது என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ஆஸ்டின் விமான நிலையத்தின் கதவு திறந்ததும், உச்சிப்பொழுதில் உப்பளத்துக்குள் இறங்கியது போல முகம் எரிந்தது. என் தங்கை ஸ்டெல்லா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னண்ணே, இப்டி மெலிஞ்சு போயிட்ட?" என்றாள். போன மாதம்தான் என் பேன்ட் இடுப்பைத் தையல்காரர் பிரித்துத் தளர்த்திக் கொடுத்திருந்தார்.

ஸ்டெல்லாவும் அவள் கணவர் அருளும் ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. மகள் நிக்கிதா ஆஸ்டினில் கல்லூரியில் படிக்கிறாள், அங்கேயே தோழிகளுடன் தங்கியிருக்கிறாள். அன்று எனக்காக வந்திருந்தாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வந்தது. ஆனால் நான் கேட்டதில் ஒரு சொல் கூட அவளுக்குத் தப்பவில்லை. இதை நான் அப்போதே கவனித்தேன். கவனித்தும் பிறகு மறந்தேன்.

சாளைக் குழம்பு வைத்திருந்தாள் ஸ்டெல்லா. ஐஸில் கிடந்த மீன்தான், இருந்தாலும் புளியும் தேங்காயும் எங்கள் வீட்டு அளவில் இருந்தன. இரண்டாவது முறை சோறு போடும்போது கேட்டாள். "எந்தப் படத்தப் பத்திண்ணே பேசப் போற? ப்ரேயர் குரூப்ல எல்லாரும் கேக்குறாங்க."

இங்கே நான் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சென்னையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அது போக, வேறொரு பெயரில் சிற்றிதழ்களில் சினிமாக் கட்டுரைகள் எழுதுகிறேன். வேறு பெயர் எதற்கென்றால், நான் எழுதுவது மெக்சிகோவில் ஒரு காலத்தில் மலிவாக எடுத்துத் தள்ளிய பேய்ப்படங்களைப் பற்றி. அதிலும் மடத்துப் பேய்கள். ஒரு கன்னியர் மடம் இருக்கும், அதற்குள் சாத்தான் நுழையும். கன்னியாஸ்திரீகள் அலறுவார்கள், உடை கிழியும், சாட்டை விளாசும், சுரூபங்களின், அதாவது கோயில் சிலைகளின், கண்ணில் ரத்தம் வழியும். ரீலுக்கு ரீல் பாவத்தைக் காட்டி டிக்கெட் விற்பார்கள். கடைசியில் மன்னிப்பையும் காட்டி ஜனங்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்குகிறவன் நடுக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிற படங்கள் அல்ல. நான் கதவைச் சாத்திக்கொண்டுதான் பார்ப்பேன்.

என் கட்டுரை ஒன்றை யாரோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணையத்தில் போட்டார்கள். ஆஸ்டினில் ஒரு சின்னத் திரையரங்கில் இப்படிப்பட்ட படங்களை வாராவாரம் காட்டுகிற ஆட்கள் அதைப் படித்துவிட்டு, ஒரு படத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் பேச வரச்சொன்னார்கள். அதைத்தான் ஸ்டெல்லாவிடம் தொலைபேசியில் 'கருத்தரங்கு' என்று சொல்லி வைத்திருந்தேன்.

"கன்னியாஸ்திரீங்களப் பத்தி. பழைய மெக்சிகோ படம்" என்றேன். பொய் இல்லை. சோற்றைப் பிசைய ஆரம்பித்தேன்.

ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்தது. "சினிமா பாத்தே கெட்டுப் போறான்னு ஊர்ல உன்னப் பேசாத ஆள் உண்டா? இப்ப பாரு, மாதா படத்தப் பத்திப் பேச அமெரிக்காவுக்கே கூப்புடுறாங்க!" என்று சொல்லிவிட்டு அருளைப் பார்த்தாள். மாதா படம் என்று நான் சொல்லவே இல்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் என்னைப் பற்றி இப்படி வாய் நிறையப் பேசி நான் கேட்டதே இல்லை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. கோயிலுக்குப் போனோம். பெரிய கூடம், தரையெல்லாம் கம்பளம், மெத்தை தைத்த இருக்கைகள், முழந்தாள் படியிடப் பஞ்சு வைத்த பலகை. பீடத்துக்கு மேலே சிலுவையில் இயேசு இருந்தார். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. எங்கள் ஊர் இயேசுவுக்கு விலாவில் விரல் போகிற அளவுக்குக் காயம் இருக்கும், முழங்காலில் தோல் உரிந்திருக்கும், கண்ணாடிக் கண்கள் நாம் எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கும். சின்ன வயதில் அந்தக் கண்களுக்குப் பயந்து தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பேன். மெக்சிகோ படத்தை முதல்முறை பார்த்தபோது எனக்குப் பிடித்தது சாத்தான் அல்ல, அந்தச் சுரூபம்தான். அதே கண்ணாடிக் கண், அதே நிஜ முடி, அதே வெல்வெட். கடல் கடந்து போய் எங்கள் கோயிலுக்குள்ளேயே நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. அசிங்கமான படத்துக்குள் அது எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே அடுத்த படத்தைத் தேட ஆரம்பித்தேன். இன்றுவரை தேடுகிறேன்.

பூசை முடிந்து பின்பக்கக் கூடத்தில் தமிழ்க் குடும்பங்கள் கூடினார்கள். லெமன் சாதம், கட்லெட், காகிதத் தட்டு. சிஸ்டர் பவுலினை அங்கேதான் சந்தித்தேன். கும்பகோணத்துக்காரர், இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாம்பல் நிற அங்கி, வெள்ளை முக்காடு.

"சிஸ்டர், எங்க அண்ணன். மெக்சிகோ மாதா படத்தப் பத்திப் பேச வந்திருக்காங்க. சனிக்கிழம மத்தியானம்" என்றாள் ஸ்டெல்லா.

"சனிக்கிழம எனக்கு ஆஃப்தான். பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போவோமா? அதுங்க ஃபோன்லயே கெடக்குதுங்க, நல்ல படம் ஒண்ணு பாக்கட்டும்" என்றார் சிஸ்டர்.

மளமளவென்று ஏற்பாடு நடந்தது. எந்த வேனில் யார், முறுக்கு யார் கொண்டு வருவது எல்லாம் முடிவாயிற்று. நான் கட்லெட்டை மென்றுகொண்டு தலையாட்டினேன். வாயில் கட்லெட் இருக்கும்போது மனிதன் எப்படிப் பேசுவான்?

புதன்கிழமை திரையரங்கைப் பார்த்து வரக் கிளம்பினேன். ரவுண்ட் ராக்கில் கார் இல்லாதவன் கால் இல்லாதவன். ஸ்டெல்லா தன் கைபேசியில் ஒரு வாடகைக் காரை வரவழைத்துக் கொடுத்தாள். ஓட்டுநர் பெயர் ராமிரோ, என் வயதிருக்கும். கண்ணாடியில் செபமாலை தொங்கியது. அதன் கீழே மெக்சிகோக்காரர்களின் மாதா, பச்சைச் சால்வையும் சுற்றிலும் கதிருமாக. பார்த்ததும் என் கை தானாக நெற்றிக்குப் போய், சிலுவை போட்டு, உதட்டில் முடிந்தது. ராமிரோ கண்ணாடி வழியே அதைக் கவனித்துவிட்டு வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்.

ஃப்ரீவேயில் பாதி தூரம் போனதும் பின்டயர் வெடித்தது. வண்டி ஆடி ஆடி ஓரச் சாலைக்கு இறங்கி, ஒரு பெட்ரோல் பங்கில் போய் நின்றது. மாற்று டயரிலும் காற்று இல்லை. அவர் யாருக்கோ தொலைபேசினார். பங்குக்குப் பக்கத்தில் ஒரு டாக்கோ வண்டி நின்றது. வாங்க, சாப்பிடலாம் என்று சைகை செய்தார். மாட்டு நாக்கைப் பொடியாக வெட்டி, சோள ரொட்டியில் வைத்து, பச்சை வெங்காயமும் மல்லித்தழையும் தூவி, எலுமிச்சை பிழிந்து தந்தார்கள். எங்கள் ஊர் புரோட்டாக் கடைக்கு முன்னால் நின்று சாப்பிடுகிற அதே அவசரத்தோடு, சட்டையில் சொட்டாமல் குனிந்து சாப்பிட்டோம்.

எதற்காக வந்தீர்கள் என்று ராமிரோ ஆங்கிலத்தில் கேட்டார். முன்பின் தெரியாத ஆள் என்கிற தைரியத்தில் உண்மையைச் சொன்னேன். எந்தப் படம் என்றும் சொன்னேன். அவர் டாக்கோவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தப் படமா! சின்னப் பையனாக இருந்தபோது அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். கெட்ட காட்சி வந்தால் எங்கள் கண்ணைக் கையால் பொத்துவாள். விரல் இடுக்கில் எல்லாம் தெரியும், அது அவளுக்கும் தெரியும். கடைசிக் காட்சி வந்ததும் கையை எடுத்துவிட்டு, இதைப் பார், இதை நன்றாகப் பார் என்பாள்."

அந்தக் கடைசிக் காட்சிக்காகத்தான் நானும் இவ்வளவு தூரம் வந்திருந்தேன். சாத்தான் பிடித்த இளம் கன்னியாஸ்திரீயை மடமே கைவிட்டுவிடும். பேயோட்டும் பாதிரியார் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். அவள் ரத்தக் காயங்களோடு தவழ்ந்து பீடத்தடிக்கு வருவாள். அங்கே மாதா சுரூபம் மெல்லக் குனிந்து, பீடத்திலிருந்து இறங்கி, தன் நீலப் போர்வையால் அவளை மூடும். அட்டைச் சுரூபம். குனிய வைக்கிற கம்பி பளிச்சென்று தெரியும்.

"கம்பி தெரியும்" என்றார் ராமிரோ.

"நன்றாகவே தெரியும்" என்றேன்.

"ஆனாலும்" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

எங்கள் ஊரில் பெரிய வெள்ளிக்கிழமை இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்குவார்கள். மடங்குகிற மாதிரி கை வைத்த சுரூபம். ஆணியைப் பிடுங்கியதும், பின்னால் நிற்கிறவர்கள் கயிற்றைத் தளர்த்த, கை மெல்ல விழும். கயிறு எல்லாருக்கும் தெரியும். கயிறு பிடிப்பவர் யார், அவர் யாருக்கு மச்சான் என்பது வரை தெரியும். ஆனாலும் அந்தக் கை விழும்போது கோயிலே கதறும். சின்னவளாக இருந்த ஸ்டெல்லா மூச்சு முட்ட அழுவாள். இதையெல்லாம் டயர் வரும்வரை ராமிரோவிடம் சொன்னேன். தங்கையிடம் சொல்லாததை ஒரு கார் ஓட்டுநரிடம் சொல்லிவிட்டேனே என்று கூச்சமாக இருந்தது. சனிக்கிழமை மனைவியோடு வருவதாகச் சொல்லிவிட்டு என்னைத் திரையரங்கில் இறக்கிவிட்டார்.

சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் எப்படியாவது சொல்லிவிடலாம் என்று ஸ்டெல்லாவின் பின்னாலேயே சமையலறைக்கும் துணி மடிக்கிற இடத்துக்கும் நடந்தேன். "என்னண்ணே, பசிக்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிச் சாப்பிட்டேன்.

நான் முன்னாலேயே போய்விட்டேன். கூடத்தில் பெரிய சுவரொட்டி. அதில் கண்ணில் ரத்தம் வழிகிற கன்னியாஸ்திரீயும், பின்னால் கொம்பு நிழலும். ரசிகர்களில் பாதிப்பேர் கன்னியாஸ்திரீ வேஷத்தில் வந்திருந்தார்கள். தாடி வைத்த ஆண்களும் முக்காடு போட்டு, வாயோரம் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். அதற்குள் சிஸ்டர் பவுலின் நுழைந்தார். கையில் முறுக்குப் பை, பின்னால் நான்கு குடும்பங்கள், அதற்கும் பின்னால் பளபளக்கிற பட்டுப்புடவையில் ஸ்டெல்லா.

கூட்டம் கைதட்டியது. தாடிக்காரர் ஒருவர் சிஸ்டரிடம் வந்து, "இங்கே வந்ததிலேயே உங்கள் உடைதான் அசல் மாதிரி இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டார். சிஸ்டர் சிரித்த முகத்தோடு, "மடத்தில் தைத்துக் கொடுத்தார்கள்" என்றார். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு சிஸ்டரோடு படம் எடுத்துக்கொண்டார். ஸ்டெல்லா சுவரொட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் தரை பிளந்திருந்தால் நன்றி சொல்லி இறங்கியிருப்பேன்.

அதற்குள் அமைப்பாளர் என்னை மேடைக்குத் தள்ளிவிட்டார். எங்கள் ஆட்கள் முன்வரிசையில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பக்கவாட்டில் இஸ்திரி போட்ட சட்டையில் ராமிரோ, அருகே அவர் மனைவி. குழந்தைகளை வெளியே அனுப்பியாக வேண்டும். அதற்கு ஒரு வாக்கியம் போதும். ஆனால் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு புத்தி வந்தது. முதலில் என் தாய்மொழியில் ஒரு வணக்கம் சொல்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கைதட்டினார்கள். பிறகு புன்னகை மாறாமல் தமிழில் பேசினேன்.

"சிஸ்டர், ஸ்டெல்லா, பிள்ளைகளக் கூட்டிட்டு உடனே வெளிய போயிருங்க. இது ரொம்ப அசிங்கமான படம். நம்ம விசுவாசத்தக் கேவலப்படுத்துற படம். இந்த மாதிரிப் படங்களக் கண்டிக்கத்தான் நான் வந்திருக்கேன். இங்க இருக்குறவங்களுக்கு அது புரியாது. நான் பேசிட்டு வந்துடுறேன்."

அவர்கள் எழுந்து வரிசையாக வெளியேறினார்கள். ஸ்டெல்லாவின் முகத்தில் நிம்மதி. கதவருகே நின்று எனக்காக ஒரு சிலுவை அடையாளம் கூடப் போட்டாள். கதவு மூடியதும் ஆங்கிலத்துக்கு மாறினேன். காசுக்காக எடுத்த படம்தான், ஆனால் எடுத்தவர்களுக்கு நரகம் உண்டென்று தெரியும், மன்னிப்பும் உண்டென்று தெரியும், அது தெரியாதவர்களால் அந்தக் கடைசிக் காட்சியை எடுக்க முடியாது என்றேன். என் கட்டுரையில் எழுதியதைவிட நன்றாகவே பேசினேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. நிக்கிதா. கல்லூரியிலிருந்து தன் காரில் நேராக வந்திருக்கிறாள். ஒரு நாக்கு பேசியதையும் மறு நாக்கு பேசியதையும் அந்த அரங்கில் முழுதாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

படத்தை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கம்பி தெரிந்தபோது கூட்டம் சிரித்தது. ராமிரோ கைக்குட்டையை எடுத்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் ராமிரோ கேட்டார். "உங்கள் ஆட்கள் ஏன் போய்விட்டார்கள்? அந்த சிஸ்டர் நிஜ சிஸ்டர்தானே? என் அம்மா மாதிரியே அவருக்கும் கடைசிக் காட்சி பிடித்திருக்கும்."

"பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்துவிட்டது" என்றேன். பட்டப்பகல் மூன்று மணிக்கு. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவுக்காவது அழுவதற்கு ஒரு சேவல் கூவியது. எனக்குப் பார்க்கிங்கில் யாரோ காரின் ஹாரன்தான் அடித்தார்கள்.

என்னை ரவுண்ட் ராக்குக்கு அழைத்துப் போனது நிக்கிதாதான். பாதி வழி வரை சாலையையே பார்த்து ஓட்டினாள். பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள். "மாமா, ரெண்டில் எது நிஜம்?"

"ரெண்டும்தாம்மா" என்றேன். அவள் பாட்டைச் சத்தமாக வைத்தாள்.

இது இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ப்ரேயர் குரூப்பில் என் பேர் பெரிதாகிவிட்டது. எதிரியின் கூடாரத்துக்குள் போய்ச் சாட்சி சொன்னவன் ஆகிவிட்டேன். மறுநாள் பூசைக்குப் பின், கெட்ட படங்களைப் பற்றி இளைஞர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார் சிஸ்டர் பவுலின். சொன்னேன். முன்வரிசையில் ஒரு சின்னப் பையன் கையைத் தூக்கி, அங்கிள், நீங்கள் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

"இல்லப்பா, பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டேன்" என்றேன்.

பின்வரிசையில் நிக்கிதா எழுந்து வெளியே போனாள். ஸ்டெல்லா தட்டில் இரண்டு வடை கூடுதலாக வைத்துக்கொண்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது. "இத்தன வருசத்துல இன்னிக்குத்தாண்ணே உன்ன நெனச்சு எனக்குப் பெருமையா இருக்கு" என்றாள். அந்த வடையையும் நான் சாப்பிட்டேன்.

ஊர் திரும்பும் நாளில் ஸ்டெல்லாவுக்கு மீட்டிங் இருந்ததால் நிக்கிதாவே விமான நிலையத்துக்கு வந்தாள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். முதல்முறையாகத் தமிழில் பேசினாள், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து.

"மாமா, அந்தப் படம் நான் கடைசி வரை பாத்தேன். அம்மா கிட்ட சொல்லல. அந்த ப்ளூ போர்வ சீன்ல நான் அழுதேன். அது தப்பா?"

பின்னால் நின்ற காவலர் வண்டியை எடு எடு என்று கையசைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் காரில் ஏறிவிட்டாள். திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நிச்சயமில்லை. நான் எவ்வளவு கேவலமானவன் என்பது அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குத் தெரியவில்லை, அந்தப் பெண் தான் அழுததற்கு என்னிடம் அனுமதி கேட்டபோதுதான் தெரிந்தது.

இதை என் சொந்தப் பெயரில் அச்சுக்குக் கொடுக்கிறேன். ஆனால் அது பெரிய தைரியம் ஒன்றும் இல்லை. நிக்கிதாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஸ்டெல்லா பத்திரிகை வாங்குவதில்லை. அந்த அரங்கில் செய்ததைத்தான் இங்கேயும் செய்திருக்கிறேன், கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்காத மொழியில் பேசியிருக்கிறேன். அதனால் நேற்று இந்தக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கைபேசியில் வாசித்து, நிக்கிதாவுக்குக் குரல் செய்தியாக அனுப்பினேன். கடைசியில், "தப்பு இல்லம்மா. எனக்கும் அதே எடத்துலதான் அழுகை வரும். இத அம்மாவுக்கும் போட்டுக் காட்டு" என்றேன்.

இன்று காலை நிக்கிதாவிடமிருந்து ஒரு வரி வந்தது. அவளுக்கு வந்த வகையில், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். 'அம்மா ரெண்டு தடவ கேட்டாங்க. இன்னும் எதுவும் பேசல.'